தீவகத்துக் கோயில்களின் இசையாசிரியர்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் ஆழமற்ற கடலிலே சிதறிக் கிடக்கும் தீவுகளைத் தீவகம் என ஒருபெயரிட்டு வழங்குவர். அவற்றைக் கைப்பற்றி ஆண்ட ஒல்லாந்தர் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணைத் தீவின் வடமேற்கு மூலையில் உள்ள ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கயிற்ஸ் என்னும் பெயரோ, துறைமேடை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. வந்த கப்பல்கள் விட்டுச் சென்றவை பெயர்கள் மட்டுமல்ல. சமயம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, கத்தோலிக்கக் கோயில்களின் ஒரு மூலையிலே கால்மிதி ஆர்மோனியமும் வந்து அமர்ந்தது. அவ்வாத்தியத்தின் முன்னே அமர்ந்து ஊராரைப் பாடவைத்த இசையாசிரியரின் தொழில் எத்தகையது, அது இன்று எந்நிலையில் நிற்கின்றது என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

மேனாட்டுக் கோயில்களில் ஓர்கன் வாசிப்பவர் என்று ஒருவர் தனியே இருப்பார். பாடகர் குழுவை நடத்துபவர் வேறொருவர். பள்ளிக்கூடத்தில் இசை கற்பிப்பவர் மற்றொருவர். தீவகத்தைப் போன்ற சிறு ஊர்களில் இம்மூன்று பணிகளையும் ஒருவரே தாங்க வேண்டியிருந்தது. அவரே பாட்டை எழுதிப் படியெடுப்பார். அவரே பெட்டியின் பழுதையும் பார்ப்பார். ஆனால் இத்தகைய ஒருவர் ஊருக்கு இருத்தல் வேண்டும் என்னும் வழக்கம் வாத்தியத்தோடு கூடவே கப்பலில் வந்தது என்று எண்ணுதல் பொருந்தாது. அதன் வேர் பழையது.

போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைத் தம் நேரடி ஆட்சிக்குட்படுத்தினர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றினர். புரட்டஸ்தாந்து மதத்தினரான ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருமாரையும் நாட்டை விட்டு அகற்றினர். ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழிந்து 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார், மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 2015ஆம் ஆண்டில் புனிதராக உயர்த்தப்பட்டவர் இவரே. அக்காலத்தில் நாடு முழுவதற்கும் இருந்த குருமார் மிகச் சிலர். ஓர் ஊருக்குக் குருவானவர் ஒருமுறை வந்து சென்றால், மறுமுறை வருவதற்கு நெடுங்காலம் செல்லும். இடைப்பட்ட நாட்களில் வழிபாட்டைக் காத்தவர்கள் மூப்பரும் அண்ணாவியுமே. மூப்பர் கோயிற் காரியங்களை மேற்பார்த்தார், அண்ணாவி செபம் சொல்லிக் கொடுத்தார், பாட்டைத் தொடங்கிவைத்தார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தார்.

அண்ணாவி என்னும் சொல்லுக்கு ஆசான் என்பதே பொருள். நாட்டுக்கூத்துப் பழக்குபவரையும் நம்மவர் அண்ணாவியார் என்றே அழைப்பர். ஓர் ஊரின் பாட்டையும் தாளத்தையும் நெஞ்சிலே தேக்கி வைத்து, அடுத்த தலைமுறையின் வாயிலே ஏற்றுபவர் அவர். 1705ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து 1742இல் இறக்கும் வரை தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை இயற்றிக் குவித்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளாரின் எழுத்துக்களை ஊர்தோறும் மக்களின் நாவிலே நிலைபெறச் செய்தவர்களும் இத்தகையோரே. ஆகவே, பிற்காலத்தில் ஆர்மோனியத்தின் முன்னே அமர்ந்த இசையாசிரியர், அண்ணாவியார் அமர்ந்திருந்த ஆசனத்திலேயே அமர்ந்தார் எனலாம்.

இனி, அவ்வாத்தியத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். குழாய்களால் அமைந்த பேரோர்கன் ஒன்றைக் கோயிலில் நிறுவுவதற்குப் பெரும் பொருளும், அதனைப் பேணுவதற்குத் தேர்ந்த தொழிலாளரும் வேண்டும். பாரிசு நகரத்து அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842இல் ஆர்மோனியம் என்னும் பெயரில் ஒரு கருவிக்கு உரிமம் பெற்றார். இதில் குழாய்கள் இல்லை. மெல்லிய பித்தளை நாக்குகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். காலால் மிதிக்கும் துருத்தியிலிருந்து வரும் காற்று அந்நாக்குகளை அதிரச் செய்து ஒலியெழுப்பும். விலை குறைவு, இடமும் குறைவு, நாலு பேர் சேர்ந்து தூக்கி வள்ளத்தில் ஏற்றிவிடலாம். பிரஞ்சு நாட்டிலே தோன்றிய அமல மரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த குருமார் 1847ஆம் ஆண்டு தொடக்கம் யாழ்ப்பாணத்தில் பணியாற்றலாயினர். அவர்களைப் போன்ற மிசனரிமாருக்கு இக்கருவி பெரிதும் உதவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் என்பவர் ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்கும் சிறு பெட்டியைச் செய்து பரப்பினார். கால்மிதிப் பெட்டி வாங்க இயலாத சிற்றாலயங்களுக்கும் அதனால் வாத்தியம் கிடைத்தது.

கருவி எளியதாயினும் தீவிலே அதனைக் காப்பது எளிதன்று. கடற்காற்றின் உப்புப் படிந்தால் பித்தளை நாக்கிலே பச்சைக் களிம்பு பிடிக்கும், சுருதி கெடும். சோளகம் வீசும் மாதங்களில் மணற்றூசு புகுந்து நாக்கு அடைபட்டு ஒலி எழாது நின்றுவிடும். வாடைக்காற்றும் மாரிமழையும் வந்தால் மரக்கட்டைகள் ஈரம் குடித்துப் பருத்து, அழுத்திய கட்டை மேலெழாமல் ஒரே சுரம் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும். துருத்தித் தோலை எலி கடிக்கும். பெட்டியைக் கறையான் அரிக்கும். பழுது பார்ப்பவரைத் தேடிப் பட்டினத்துக்குப் போகக் கடல் கடக்க வேண்டும். ஆதலால் தீவின் இசையாசிரியர் தச்சனாகவும் கன்னானாகவும் பாதி மாறியிருத்தல் அவசியமாயிற்று. நாக்கின் நுனியை மிக மெல்லச் சுரண்டினால் சுரம் ஏறும். அடியைச் சுரண்டினால் சுரம் இறங்கும். ஒரு மயிரிழை மிகுதியாகச் சுரண்டிவிட்டாலும் அந்நாக்கு கெட்டுப்போகும். எனவே இவ்வேலைக்குக் கண்ணைவிடக் காதே முதன்மையானது.

அவருடைய நாள் வைகறையில் தொடங்கும். காலைப் பூசைக்கு மணி அடிக்குமுன் கோயிலை அடைந்துவிட வேண்டும். பின்பு பள்ளிக்கூடம். மாலையிலே பாடகர் குழுவுக்குப் பயிற்சி. செபமாலையும் நற்கருணை ஆசீரும். திருநாள் வந்தால் கொடியேற்றம் முதலாக ஒவ்வொரு நாளும் நவநாட் பாடல்கள். நத்தார் வாடைக்காலத்திலே வரும். ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குப் பாட்டுக்குச் செல்பவர் கடலின் கொந்தளிப்பைக் கணித்தே புறப்பட வேண்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்ல இன்றும் குறிகட்டுவான் துறையிலே படகேற வேண்டியிருக்கின்றது. திருமணமும் மரணமும் நாட்குறிப்புப் பார்த்து வருவதில்லை. காலையிலே ஒரு வீட்டாருக்கு மணப்பாட்டு, மாலையிலே மற்றொரு வீட்டாருக்கு அடக்கப்பாட்டு என்று ஒரே நாளில் இரண்டுக்கும் ஒரே மனத்தோடு செல்ல வேண்டியவர் அவர்.

நெடுந்தீவுப் பகுதியைச் சேர்ந்த கச்சதீவிலே ஆண்டுதோறும் தபசுகாலத்தில் நிகழும் புனித அந்தோனியார் திருநாள் இத்தொழிலுக்கு ஒரு தனிச் சோதனை. அத்தீவில் குடியிருப்பாரும் இல்லை, குடிநீரும் இல்லை. வாத்தியம், நூல், விளக்கு யாவற்றையும் படகிலே கொண்டுசெல்ல வேண்டும். இராமேசுவரக் கரையிலிருந்து ஒரு சாராரும் யாழ்ப்பாணக் கரையிலிருந்து மற்றொரு சாராரும் வந்து ஒரே முற்றத்தில் நிற்பர். இரு கரையாரும் அறிந்த பாட்டு எது, இரு கரையாரும் ஒரே மெட்டில் அறிந்த பாட்டு எது என்று தெரிந்து தொடங்குவதிலேதான் ஆசிரியரின் திறமை விளங்கும். போர்க்காலத்தில் தடைப்பட்டிருந்த அத்திருநாள் போர் முடிந்தபின் மீண்டும் நடைபெறலாயிற்று.

இசை கற்பித்தலை நோக்குவோம். தீவகத்துப் பிள்ளையின் செவியிலே முன்னரே பல இசைகள் நிறைந்திருக்கின்றன. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாவிலே நாதசுரமும் தவிலும் முழங்கக் கேட்டிருக்கும். கூத்துக் கொட்டகையில் மத்தள ஒலி கேட்டிருக்கும். கடற்றொழிலாளர் வலை இழுக்கும் பாட்டைக் கேட்டிருக்கும். இத்தகைய பிள்ளைக்கு மேனாட்டுப் பாட்டைக் கற்பிக்க மிசனரிமார் பயன்படுத்திய முறைகளுள் ஒன்று, ஆங்கில நாட்டில் யோன் கேர்வன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பரப்பிய டோனிக் சொல்பா முறையாகும். அதில் டோ, றே, மீ, பா, சோ, லா, டீ என ஏழு சுரங்களையும் முதலெழுத்தாற் குறிப்பர். நம்முடைய முறையிலோ ச, ரி, க, ம, ப, த, நி. நம் பிள்ளைக்கு முதற்சுரமாகிய 'ச', அங்கே ஐந்தாம் சுரமாகிய 'சோ'வின் குறியீட்டைப் போல் ஒலிக்கும். நமக்கு நான்காவதாகிய 'ம', அங்கே மூன்றாவதாகிய 'மீ'யோடு மயங்கும். இரண்டையும் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் தம் மனத்திலே இரண்டையும் பிரித்து வைத்திருத்தல் வேண்டும். 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் ஆசிரியரே கோயிலில் நாலு குரற் பாட்டையும் நடத்துவாரானால் இத்தெளிவு அவருக்கு இன்றியமையாதது.

சபையைப் பாடவைப்பது மற்றொரு கலை. மேடைக் கச்சேரியில் பாடகர் தம் குரலுக்கேற்ற சுருதியைத் தெரிந்துகொள்வார். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதியிற் பாடுவர். பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டைக்குச் செல்வர். கோயிலிலோ ஆண், பெண், முதியோர், குழந்தைகள் யாவரும் ஒருங்கே பாட வேண்டும். ஆகவே பாட்டின் மிக உயர்ந்த சுரம் எது, மிகத் தாழ்ந்த சுரம் எது என்று பார்த்து, முதியவரின் தொண்டை வருந்தாமலும் குழந்தைகளின் குரல் கீழே அமுங்காமலும் தொடக்கச் சுரத்தைத் தீர்மானிக்க வேண்டும். பெருங்கூட்டம் பாடும்போது காலம் தளர்ந்துகொண்டே போகும் இயல்புடையது. முன்னே நிற்போர் ஓரடி முடிக்கும்போது பின்னே நிற்போர் அரையடி பின்தங்கியிருப்பர். அவர்களை இழுத்து ஓடினால் பாட்டு அறுந்துவிடும். அவர்களுக்காக நின்றால் பாட்டு படுத்துவிடும். அடிக்கடி மூச்சு விட இடமளித்து, அடுத்த அடியின் முதற்சுரத்தை ஒரு கணம் முன்னரே தெளிவாகக் காட்டுவதே தேர்ந்தவர் கையாளும் வழி.

இதிலே தவறியவர்களுள் உலகம் போற்றும் பேராசான் ஒருவரும் உண்டு. செர்மானிய நாட்டு யோகான் செபஸ்தியன் பாக் இளமையில் ஆர்ன்ஸ்ராட் என்னும் ஊரிலே ஓர்கன் வாசிப்பவராக இருந்தார். 1705ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நான்கு வார விடுமுறை பெற்று, ஏறக்குறைய 400 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள லூபெக் நகரத்துக்கு நடந்தே சென்று, புக்ஸ்தெகூடே என்னும் முதியவரின் வாசிப்பைக் கேட்டார். திரும்பி வந்தபோது நான்கு மாதம் அளவிற் கழிந்துவிட்டது. 1706 பெப்ரவரியில் கோயில் மேலாளர் அவரை அழைத்து இரண்டு குற்றங்களைக் கூறினர். ஒன்று, விடுமுறையை மீறியது. மற்றது, சபையார் பாடும் பாட்டிலே விசித்திரமான மாறுபாடுகளையும் அயற் சுரங்களையும் கலந்து அவர்களை மயங்கச் செய்தது. கற்றுவந்த புதுமையைக் காட்டும் ஆவல் இளைஞருக்கு இயல்பே. எனினும் தேவாலயத்து வாத்தியம் சபையாரின் குரலைத் தாங்குவதற்கே அமைந்தது என்னும் அந்த மேலாளரின் கருத்தையும் தவறென்று தள்ளுதல் இயலாது.

ஊதியத்தைப் பற்றியும் அதே பாக்கின் வாழ்க்கை ஒரு செய்தியைக் கூறுகின்றது. 1723 முதல் 1750இல் இறக்கும் வரை அவர் லைப்சிக் நகரத்துத் தோமையார் பள்ளியின் இசைத்தலைவராக இருந்தார். மாணவர்க்கு இசை கற்பித்தலும் நகரத்துக் கோயில்களுக்குப் பாட்டு ஆயத்தம் செய்தலும் அவர் கடமை. 1730 ஒக்டோபரில் நண்பருக்கு எழுதிய கடிதத்திலே, தம் வருமானம் ஏறக்குறைய 700 தாலர் என்றும், மரணங்கள் மிகுந்தால் அடக்கச் சடங்கின் கட்டணம் மிகும் என்றும், நல்ல காற்று வீசி ஊரார் நோயின்றி வாழ்ந்தால் வருமானம் குறையும் என்றும், முந்திய ஆண்டில் அவ்வகையில் 100 தாலருக்கு மேல் இழந்ததாகவும் குறிப்பிட்டார். கேட்போர்க்கு நகை தோன்றலாம். ஆனால் ஊராரின் இன்பதுன்பங்களிலிருந்து வரும் சிறு கொடைகளை நம்பி வாழும் கோயில் இசைஞரின் நிலை எந்நாட்டிலும் இதுவேயாம்.

தீவகத்தில் இந்நிலை ஓரளவு சீர்பெற்றது பள்ளிக்கூடத்தால். ஊர்காவற்றுறையிலே புனித அந்தோனியார் கல்லூரியும், கரம்பொன்னிலே சிறிய புஷ்ப மகளிர் வித்தியாலயமும் போன்ற கத்தோலிக்கப் பள்ளிகள் தோன்றி வளர்ந்தன. கரம்பொன்னிலே 1913இல் பிறந்து தமிழாராய்ச்சியை உலகறியச் செய்த தனிநாயகம் அடிகளாரும் தம் தொடக்கக் கல்வியை அந்த அந்தோனியார் பள்ளியிலேயே பெற்றார். அரசாங்கத்தின் உதவி நன்கொடை பெற்ற அக்காலத்து மிசன் பாடசாலைகளில் ஆசிரியரின் சம்பளத்துக்கு ஓர் உறுதியிருந்தது. பாடசாலை நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் ஒரே சபையின் கையில் இருந்தமையால், பகலில் வகுப்பிலே கற்பிப்பவர் மாலையிலே கோயிலில் பாட்டை நடத்துவது இயல்பாக அமைந்தது. 1960ஆம் ஆண்டின் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த சட்டத்தாலும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. அதன் நன்மை தீமைகளை ஆராய்தல் இங்கு நோக்கமன்று. இசையாசிரியரைப் பொறுத்தவரை, பள்ளியும் கோயிலும் ஒரே பணியாக இருந்த நிலை மாறிற்று. அரசாங்க ஆசிரியர் இடமாற்றம் பெற்று வேறூர் செல்வார். அவர் சென்றால் கோயிற்பாட்டை ஏற்பவர் யார் என்னும் வினா அன்று முதல் எழுந்தது.

அவர் வாசித்த கருவியின் மேலும் ஒரு வழக்கு நெடுங்காலம் நடந்தது. ஆர்மோனியத்திலே ஒரு தாயி 12 சம பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அச்சமன்பாட்டால் அந்தர காந்தாரம் இயற்கையான நிலையிலிருந்து சற்று ஏறியே ஒலிக்கும். ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகத்துக்கும் அங்கே இடமில்லை. இக்காரணங்களால் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கிவைத்தது. கவி தாகூரும் அக்கருவியை வெறுத்தார். அவ்விலக்கு 1971 வரை நீடித்தது. 1939இல் தோன்றிய திருச்சி நிலையத்தின் ஒலிபரப்பை விரும்பிக் கேட்டவர்கள் யாழ்ப்பாணத்தார். இந்திய வானொலி தகாதெனத் தள்ளிய அதே கருவியைக் கொண்டே தீவகத்து ஆசிரியர் தம் பிள்ளைகளைப் பாடப் பழக்க வேண்டியவராயிருந்தார்.

ஆயினும் இசையறிஞர் யாவரும் ஒருமுகமாக அக்கருவிக்கு எதிராக நின்றனர் என்று கொள்ளலாகாது. தஞ்சையிலே வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், 1859இல் பிறந்து பள்ளியாசிரியராகத் தொடங்கிச் சித்த வைத்தியராகப் புகழ்பெற்ற கிறிஸ்தவர். மேனாட்டு இசையையும் நம் இசையையும் கற்றவர். 1912 முதல் இசை மாநாடுகள் பலவற்றைத் தம் பொருளைக் கொண்டே கூட்டினார். தாயியைச் சமமாகப் பிரிப்பதே பண்டைத் தமிழிசையின் முறை என்றும், சுருதிகள் 22 அல்ல 24 என்றும் வாதிட்டார். 1916இல் பரோடாவில் நடைபெற்ற மாநாட்டில் தம் குடும்பப் பெண்கள் வீணையில் வாசித்துக் காட்டத் தம் கொள்கையை நிலைநாட்ட முயன்றார். 1917இல் வெளிவந்த அவருடைய கருணாமிர்த சாகரம் அவ்வாராய்ச்சியின் பயனாகும். அவர் கூறிய கணக்கை ஏற்காதார் பலர். எனினும், மேனாட்டுக் கருவியைக் கையாளும் தமிழன் தன் இசையை மறந்தவனாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும். தீவகத்து ஆசிரியரும் தம்மளவில் இதற்கு ஒரு வழி கண்டார். நேரான சுரங்களில் நடக்கும் மெட்டுக்குப் பெட்டியை முழுதும் வாசித்தார். குழைவு வேண்டிய தமிழ் மெட்டுக்குச் சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு குரலைத் தானே நடக்கவிட்டார்.

இத்தொழிலின் வரலாற்றில் பெருந் திருப்பம் 1963ஆம் ஆண்டிலே நேர்ந்தது. அதற்கு முன் பூசை இலத்தீன் மொழியிலே நடந்தது. பத்தாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர், இசைஞரின் பாதுகாவலியாகிய புனித செசீலியாவின் திருநாளான 1903 நவம்பர் 22இல் விடுத்த ஆணையில் கிரகோரியன் இசையையே முதன்மையாக வைத்தார். பொருள் தெரியாத மொழியிலே, தாளக்கட்டு இல்லாத அவ்விசையைப் பிள்ளைகளுக்கு ஏற்றுவது ஆசிரியரின் பெருவேலையாக இருந்தது. 1963 டிசெம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. தாய்மொழிக்கு அங்கே வாயில் திறக்கப்பட்டது. தமக்கென இசை மரபுடைய மக்களின் மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் பூசை முழுவதும் தமிழாயிற்று. மக்களுக்கு அது மகிழ்ச்சி; ஆசிரியருக்கோ மகிழ்ச்சியோடு பெருஞ்சுமை. வாழ்நாளிற் பாதியைச் செலவிட்டுக் கற்றதும் கற்பித்ததும் ஒருபுறம் ஒதுங்கின. பூசையின் ஒவ்வொரு பகுதிக்கும் புதிய தமிழ்ப் பாட்டு வேண்டும். அதற்கு மெட்டு வேண்டும்; அம்மெட்டு திரைப்பாட்டின் சாயலாக இருத்தலாகாது; சபையார் இரண்டு வாரத்திற் கற்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். முன்பு மேடைக் கச்சேரிக்கு உரியனவென்று கருதப்பட்ட மிருதங்கமும் வயலினும் கோயிலுக்குள் வந்தன.

ஆனால் மாறாது நின்றது ஒன்று உண்டு. அது பெரிய வாரம். பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடி முடித்தவுடன் மணிகளும் வாத்தியமும் ஓய்ந்துவிடும். மணிக்குப் பதிலாக மரக்கட்டை ஒலிக்கும். உயிர்ப்புத் திருவிழிப்பிலே மீண்டும் வானவர் கீதம் தொடங்கும் வரை பெட்டி மூடியே இருக்கும். இடைப்பட்ட நாளில்தான் திருப்பாடுகளின் பாட்டும், வியாகுலப் பிரசங்கமும், பசாமும், ஒப்பாரியும் நிகழும். அவை பழைய மெட்டுக்கள். அண்ணாவியார் காலத்து நீண்ட இழுவைகள். பாட்டு வழிதவறினால் மீட்டுத்தர அங்கே கருவி இல்லை. ஆண்டு முழுவதும் ஆசிரியர் கற்பித்தது பிள்ளைகளின் குரலில் நிலைத்ததா, அன்றிப் பெட்டியின் ஒலியிலே மறைந்து நின்றதா என்பது அந்நாட்களிலே யாவருக்கும் வெளிப்பட்டுவிடும்.

இவ்வாறு கைமாறி வந்த மரபை 1990ஆம் ஆண்டு பெரிதும் குலைத்தது. போர் தீவகத்தை எட்டியபோது ஊர்காவற்றுறை, வேலணை முதலிய ஊர்களின் மக்களில் மிகப் பலர் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். சிலர் யாழ்ப்பாண நகருக்கும் வன்னிக்கும் சென்றனர். சிலர் தமிழகம் சேர்ந்தனர். பலர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்று குடியேறினர். போர் 2009இல் முடிந்தது. திரும்பி வந்தோர் சிலர், வராதோர் பலர். ஆர்மோனியப் பெட்டியை மீண்டும் வாங்கலாம். ஆனால் ஓர் ஊரின் பாடகர் குழு ஐந்து நாடுகளிற் சிதறிய பின், அவ்வூருக்கே உரிய ஒரு பசாம் மெட்டின் இரண்டாம் அடி எங்ஙனம் வளையும் என்று சொல்லத்தக்கவர் ஊரில் இல்லாமற் போகலாம். ஏனெனில் அம்மெட்டுக்கள் சுரப்படுத்தி எழுதப்படாமலே, வாயிலிருந்து செவிக்கு என்ற முறையில் வந்தவை.

இன்று கோயில்களிலே மின்விசைப் பலகை இடம்பெற்றுவிட்டது. அதன் வசதிகள் பல. ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறும். மற்றொன்றை அழுத்தினால் தாளம் தானே ஒலிக்கும். மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும் என்பது சிறு குறை. இயந்திரத் தாளம் முதியவரின் மூச்சுக்காகக் காத்திராது என்பது பெருங்குறை. சபையார் பின்தங்கினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்; நாளடைவில் சபையார் வாயை மூடிக்கொண்டு கேட்போராக மாறிவிடுவர். கருவியைக் குறைகூறிப் பயனில்லை. ஆர்மோனியம் வந்தபோதும் அண்ணாவியார் சிலர் இவ்வாறே கவலையுற்றிருக்கக் கூடும். கருவியைத் தாளத்துக்கு விடாமல் சபையின் மூச்சுக்குக் கீழ்ப்படுத்தக் கற்ற ஆசிரியர் ஒருவர் அதன் முன்னே அமர்ந்திருக்கிறாரா என்பதையே பார்க்க வேண்டும்.

அதற்குச் செய்யத்தக்கவை அரியன அல்ல. முதியோர் அறிந்த பழைய மெட்டுக்களை ஒலிப்பதிவு செய்தல் இன்று ஒவ்வொருவர் கையிலுமுள்ள தொலைபேசியாலேயே இயலும். பதிவு செய்தவற்றைச் சுரப்படுத்தி எழுதுவதற்கு இசை பயின்ற இளைஞர் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றனர். வெளிநாடுகளிலே வாழும் தீவகத்தார், தம் பெற்றோர் பாடிய மெட்டுக்களைப் பாடி அனுப்பலாம். கோயிற் சபையார் தம் இசையாசிரியருக்கு ஒரு சிறு ஊதியத்தையேனும் தவறாது வழங்கலாம். மரணவீட்டிற் கிடைக்கும் கொடையை நம்பி அவர் இருக்கும் நிலை மாற வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, வாசிப்பவர் தனியே வாசித்துச் செல்லாது, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருவரையேனும் தம் அருகிலே இருத்திக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பெரிய வெள்ளியன்று, பாட்டைத் தொடங்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துப் பார்த்தல் நன்று.